ஜீன் ஆன்டாலஜி: ஒரு மரபணு என்ன செய்கிறது என்பதைப் படிக்கவும் எழுதவும் முழுமையான வழிகாட்டி

முதுகலை மாணவி ஒருவர் நெல்லின் மரபணுப் பட்டியலை அலசிவிட்டு அட்டவணையோடு வந்தார். தண்ணீர் இல்லாமல் வாடிய நாற்றில் கூடுதலாக இயங்கிய சில நூறு மரபணுக்கள் அவை. அவற்றில் எந்தெந்தச் செயல்கள் தூக்கலாக இருக்கின்றன என்று மென்பொருள் வரிசைப்படுத்தியிருந்தது. முதல் வரியில் 'நீர்ப்பற்றாக்குறைக்கான எதிர்வினை'. சரி, எதிர்பார்த்ததுதான். நான்காவது வரியில் 'நரம்பு மண்டல வளர்ச்சி'. நெல்லுக்கு ஏது நரம்பு மண்டலம்?

அந்த வரிக்கு விளக்கம் தேடி அவர் ஒரு வாரம் செலவழித்திருந்தார். குறை நெல்லிலும் இல்லை, அவருடைய சோதனையிலும் இல்லை. விலங்குப் புரதங்களோடு அமினோ அமில வரிசை ஒத்துப்போகிறது என்பதற்காகக் கணினி தானாக ஒட்டிய குறிப்புகள் அவருடைய கோப்பில் கலந்திருந்தன. எந்தக் குறிப்பு எப்படி வந்தது என்று சொல்லும் பத்தி (அட்டவணையின் நெடுவரிசை) ஒன்று அதே கோப்பில்தான் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவும் இல்லை. இந்த வழிகாட்டியை எழுதுவதற்கு அந்த ஒரு பத்திதான் காரணம்.

எதற்காக ஒரு பொதுச்சொல் தொகுதி?

தமிழிலேயே பாருங்கள். நரம்பு என்றால் மூளையிலிருந்து போவதும் நரம்புதான், இலையில் ஓடுவதும் நரம்புதான், வீணையில் கட்டுவதும் நரம்புதான். மொட்டு என்றால் செடியில் பூ விரிவதற்கு முன் இருப்பது. ஈஸ்ட் இனப்பெருக்கம் செய்வதையும் பாடப்புத்தகம் 'மொட்டுவிடுதல்' என்றுதான் சொல்கிறது. மனிதர்கள் படிக்கும்போது இடம் பார்த்துப் பொருள் கொள்கிறோம். கணினிக்கு அது முடியாது. ஆங்கிலத்திலும் இதே சிக்கல்தான்: ஈஸ்ட் ஆய்வாளரின் மொட்டும் தாவர ஆய்வாளரின் மொட்டும் பல் வளர்ச்சியைப் பார்ப்பவரின் மொட்டும் ஒரே எழுத்துக்கூட்டல், வெவ்வேறு பொருள்.

எதிர்த்திசையிலும் தொல்லை உண்டு. ஒரே விஷயத்துக்குப் பல பெயர்கள். ஒருவர் 'புரத உற்பத்தி' என்று எழுதுவார், இன்னொருவர் 'டிரான்ஸ்லேஷன்' என்று எழுதுவார். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது.

1990-களின் பிற்பகுதியில் முழு மரபணுத்தொகைகள் ஒவ்வொன்றாக வெளிவரத் தொடங்கியபோது இது பெரிய முட்டுக்கட்டையானது. ஈக்கும் எலிக்கும் ஈஸ்டுக்கும் பொதுவான மரபணுக்கள் ஏராளம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு உயிரியின் தரவுத்தளமும் தனக்கென்று ஒரு பேச்சுவழக்கு வைத்திருந்தது. 1998-ல் பழ ஈக்கான ஃப்ளைபேஸ், ஈஸ்டுக்கான எஸ்ஜிடி, எலிக்கான எம்ஜிஐ என்ற மூன்று தரவுத்தளங்கள் கைகோத்து, எல்லா உயிர்களுக்கும் பொருந்தும் ஒரே சொல்தொகுதியை உருவாக்கத் தொடங்கின. அதுதான் ஜீன் ஆன்டாலஜி, சுருக்கமாக ஜிஓ. மைக்கேல் ஆஷ்பர்னரும் கூட்டாளிகளும் அதை அறிமுகப்படுத்திய கட்டுரை 2000-ல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் வந்தது. இன்று அதில் ஏறத்தாழ 40,000 சொற்கள் இருக்கின்றன.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஜிஓ மரபணுவுக்குப் பெயர் வைப்பதில்லை. மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்ட எச்ஜிஎன்சி என்ற தனிக் குழு இருக்கிறது. மரபணு செய்யும் வேலைக்குப் பெயர் வைப்பதுதான் ஜிஓ-வின் வேலை.

படி 1: மூன்று கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஜிஓ மூன்று கிளைகளாக நிற்கிறது. மூலக்கூறுச் செயல், உயிரியல் நிகழ்வு, செல்லுக்குள் இருப்பிடம். க்ளூக்கோகைனேஸ் என்ற மனிதப் புரதத்தை வைத்தே கடைசிவரை பார்ப்போம். ஜிசிகே என்பது அதன் மரபணுக் குறியீடு. ஹெக்ஸோகைனேஸ்-4, ஹெக்ஸோகைனேஸ்-டி என்றும் இதைச் சொல்வார்கள். யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் இதன் எண் பி35557. இந்த மரபணுவின் ஒரு பிரதி பழுதானால் மோடி-2 என்ற மரபுவழி நீரிழிவு வருகிறது.

இந்தப் புரதம் தன் கையால் என்ன செய்கிறது? செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி-யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து குளுக்கோஸில் மாட்டுகிறது. அதுதான் மூலக்கூறுச் செயல்: 'க்ளூக்கோகைனேஸ் செயல்பாடு', ஜிஓ:0004340.

அந்த வேலை எந்தப் பெரிய காரியத்தின் பகுதி? குளுக்கோஸை உடைத்து ஆற்றல் எடுக்கும் கிளைக்காலிசிஸ், ஜிஓ:0006096. உடலின் சர்க்கரை அளவைச் சமநிலையில் வைத்தல், ஜிஓ:0042593. இவை உயிரியல் நிகழ்வுகள்.

எங்கே இருந்து செய்கிறது? செல்லுக்குள் இருக்கும் திரவமான சைட்டோசாலில், ஜிஓ:0005829. கல்லீரல் செல்லில் இது இன்னும் சுவாரசியம்: குளுக்கோஸ் குறைவாக இருக்கும்போது ஜிசிகேஆர் என்ற இன்னொரு புரதம் இதைப் பிடித்து உட்கருவுக்குள் வைத்துக்கொள்கிறது. சாப்பிட்டு குளுக்கோஸ் ஏறினால் விட்டுவிடுகிறது. ஆகவே உட்கருவும், அதாவது ஜிஓ:0005634-உம், இதன் இருப்பிடம்தான்.

சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். 'நறுக்குதல்' மூலக்கூறுச் செயல், 'சாம்பார் வைத்தல்' நிகழ்வு, 'அடுப்பங்கரை' இருப்பிடம். நறுக்குபவர் பொரியலுக்கும் நறுக்கலாம். அதனால்தான் மூன்றையும் தனித்தனியாக எழுதுகிறோம், ஒவ்வொன்றிலும் எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம்.

இங்கே புதியவர்கள் அடிக்கடி வழுக்குவது நோயில். நீரிழிவு ஒரு உயிரியல் நிகழ்வு அல்ல, புற்றுநோயும் அல்ல. இயல்பாக நடக்கும் வேலைகளை மட்டுமே ஜிஓ பேசுகிறது. நோய்களுக்கும் நோயின் வெளித்தோற்றங்களுக்கும் வேறு சொல்தொகுதிகள் இருக்கின்றன.

படி 2: ஒரு சொல்லின் பக்கத்தை முழுதாகப் படியுங்கள்

குவிக்ஜிஓ அல்லது அமிகோ என்ற இணையக் கருவிகளில் ஒன்றைத் திறந்து 0004340 என்று தேடுங்கள். பெயருக்கு அடியில் வரையறை இருக்கும். பெயரை நம்பி ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்காதீர்கள், வரையறையைப் படியுங்கள். க்ளூக்கோகைனேஸின் வரையறை ஒரு வேதிச் சமன்பாடுதான்: ஏடிபி-யும் குளுக்கோஸும் சேர்ந்து ஏடிபி ஒரு பாஸ்பேட்டை இழக்க, குளுக்கோஸ்-6-பாஸ்பேட் உண்டாகிறது. உங்கள் சோதனை அதைக் காட்டியதா இல்லையா என்று நேராகக் கேட்டுக்கொள்ளலாம்.

மாற்றுப்பெயர்களும் அங்கேயே இருக்கும். ஏழு இலக்க எண்ணுக்குப் பொருள் எதுவும் கிடையாது, அது வெறும் அடையாளம். பெயர் நாளைக்குத் திருத்தப்படலாம், எண் மாறாது. ஒரு சொல்லே வேண்டாம் என்று முடிவானால் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்க மாட்டார்கள். 'வழக்கொழிந்தது' என்று முத்திரை குத்தி, பதிலுக்கு எதைப் பயன்படுத்துவது என்றும் பெரும்பாலும் குறித்துவைப்பார்கள். ஆகவே உங்கள் குறிப்பேட்டில் எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள்.

படி 3: சொற்களுக்குள் உறவு பாருங்கள்

ஜிஓ வெறும் அகராதி அல்ல, உறவுமுறை உள்ள குடும்பம். க்ளூக்கோகைனேஸ் செயல்பாடு ஒரு வகைக் கைனேஸ் செயல்பாடு, அதாவது பாஸ்பேட்டை மாட்டும் வேலை. கைனேஸ் செயல்பாடு ஒரு வகை வினையூக்கச் செயல்பாடு. இது 'ஒரு வகை' உறவு. நியூக்ளியோலஸ் உட்கருவின் ஒரு பகுதி. இது 'பகுதி' உறவு. மூன்றாவது 'ஒழுங்குபடுத்தும்' உறவு.

இது ஒரே வேரில் பிரியும் மரமும் அல்ல. ஒரு பிள்ளைக்கு அம்மா வழியும் உண்டு, அப்பா வழியும் உண்டு என்பதுபோல ஒரு சொல்லுக்குப் பல மேற்சொற்கள் இருக்கலாம். ஆனால் யாரும் தனக்கே தாத்தாவாக முடியாது, சுற்றிவந்து தன்னிடமே சேரும் பாதை இல்லை. நிரல் எழுதிக் கணக்கிடுபவர்கள் 'ஜிஓ-பேசிக்' என்ற கோப்பை எடுத்துக்கொண்டால் இந்த உத்தரவாதம் கிடைக்கும்.

முதல் இரண்டு உறவுகளிலும் ஒரு சட்டம் உண்டு: கீழே உண்மையானது மேலேயும் உண்மையாக இருக்க வேண்டும். ஜிசிகே-வுக்கு க்ளூக்கோகைனேஸ் செயல்பாடு உண்டு என்று எழுதினால், கைனேஸ், வினையூக்கம் ஆகிய எல்லாமும் தானாகவே எழுதப்பட்டுவிட்டன. அதனால் எப்போதும் சான்று தாங்கும் அளவுக்கு மிகக் குறிப்பான சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'இல்லை' என்ற குறிப்பு மட்டும் தலைகீழாக ஓடும். ஒரு புரதத்துக்குக் கைனேஸ் செயல்பாடே இல்லை என்றால் அதன் கீழுள்ள எந்த வகைக் கைனேஸும் இல்லை. வினையூக்கமே இல்லை என்று மேலே போய்ச் சொல்ல முடியாது.

மூன்றாவது உறவில் கவனம் வேண்டும். கணையத்தின் பீட்டா செல்லில் க்ளூக்கோகைனேஸ்தான் குளுக்கோஸ் அளவை உணர்கிறது, அதைப் பொறுத்து இன்சுலின் வெளியேறுகிறது. அதற்காக இன்சுலின் வெளியேற்றத்தில் (ஜிஓ:0030073) இது ஒரு கண்ணி ஆகிவிடாது. 'இன்சுலின் வெளியேற்றத்தை ஒழுங்குபடுத்துதல்' (ஜிஓ:0050796) என்பது தனிச் சொல். மடைவாயில் நின்று திறந்து மூடுபவர் வேறு, வாய்க்காலில் ஓடும் தண்ணீர் வேறு.

படி 4: சொல்லுக்கு முன் சான்றைப் படியுங்கள்

இதுதான் நான் நின்று பேச விரும்பும் இடம். ஒரு மரபணுவையும் ஒரு ஜிஓ சொல்லையும் இணைக்கும் பதிவுக்கு அனோட்டேஷன் என்று பெயர். அது ஒரு தகவல் என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு கூற்று: யாரோ, எதையோ பார்த்து, இப்படி என்று சொல்லியிருக்கிறார்கள். எதைப் பார்த்து என்பதைச் சான்றுக் குறியீடு சொல்கிறது.

சோதனைக்கூடத்திலிருந்து வருபவை முதல் வகை. ஐடிஏ என்றால் நேரடிச் சோதனை: புரதத்தைத் தூய்மைப்படுத்தி, குளுக்கோஸும் ஏடிபி-யும் கொடுத்து, விளைபொருளை அளந்தார்கள். ஐஎம்பி என்றால் மரபணுவைக் கெடுத்து, என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். ஐஜிஐ இரண்டு மரபணுக்களைச் சேர்த்து மாற்றிப் பார்த்தது. ஐபிஐ இரண்டு புரதங்கள் ஒட்டுவதைக் கண்டது. ஐஈபி என்பது ஒரு சூழலில் மரபணு கூடுதலாக இயங்கியதை மட்டும் வைத்துச் சொன்னது. சோதனை வகையிலேயே எனக்கு மிகக் குறைந்த நம்பிக்கை உள்ளது இதில்தான். கல்யாண வீட்டில் கூட்டம் கூடியிருக்கும்போது அங்கே இருந்தவர் எல்லாரும் சமைத்தவர் ஆகிவிட மாட்டார்கள்.

அடுத்து, ஒப்புமையிலிருந்து ஊகித்தவை. ஐஎஸ்எஸ் வரிசை ஒப்புமை, ஐஎஸ்ஓ வேறு உயிரியில் உள்ள நேர் இணை மரபணுவிலிருந்து எடுத்தது. ஐபிஏ என்பதற்குத் தனி மரியாதை கொடுக்க வேண்டும். ஒரு புரதக் குடும்பத்தின் வம்சாவளியை வரைந்து, எந்த மூதாதையிடம் இந்தச் செயல் தோன்றியது, எந்தக் கிளையில் இழக்கப்பட்டது என்று மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்த பிறகு எழுதப்படுவது அது.

டிஏஎஸ், என்ஏஎஸ் என்றால் கட்டுரையாசிரியர் சொன்னதை வைத்து எழுதியது. என்டி என்றால் தேடிப் பார்த்தும் எதுவும் கிடைக்கவில்லை. 'செயல் இல்லை' என்பது அல்ல அதன் பொருள், 'இன்னும் யாருக்கும் தெரியவில்லை' என்பதுதான்.

கடைசியாக ஐஈஏ. மனிதர் தனித்தனியாகச் சரிபார்க்காமல் கணினி நேரடியாக ஒட்டியது. உலகில் உள்ள அனோட்டேஷன்களில் மிகப் பெரும்பகுதி இந்த வகைதான். இவை எல்லாமே தவறு என்று சொல்லவில்லை. ஒரு புரதப் பகுதியின் வடிவத்தைப் பார்த்து 'இது கைனேஸ்' என்று சொல்லும் விதிகள் நல்ல தரமானவை. ஆனால் அதே வகையில்தான் நெல்லின் நரம்பு மண்டலமும் வரும்.

நெல், கம்பு, நிலக்கடலை போன்ற பயிர்களில் வேலை செய்பவர்கள் ஐஈஏ எல்லாவற்றையும் தூக்கிப்போட்டால் கையில் கொஞ்சம்தான் மிஞ்சும். அங்கே செய்ய வேண்டியது, அந்த ஐஈஏ எந்த முறையில் வந்தது என்று ஆதாரப் பத்தியைப் பார்ப்பது. எந்தச் சொல் எந்த உயிரினக் குழுவுக்குப் பொருந்தாது என்று ஜிஓ-விலேயே தடைப் பட்டியல் உண்டு, அதையும் பயன்படுத்துங்கள்.

படி 5: ஓர் அனோட்டேஷனை நீங்களே எழுதிப்பாருங்கள்

எழுதிப் பார்த்தால்தான் படிக்க வரும். ஜிஏஎஃப் என்ற கோப்பு வடிவத்தில் ஒரு அனோட்டேஷன் ஒரு வரி, தாவல் (டேப்) இட்டுப் பிரித்த 17 பத்திகள். பதினேழையும் விளக்கப்போவதில்லை. முக்கியமானவை: மரபணுவின் அல்லது அதன் புரதத்தின் எண் 2-ஆவது பத்தி, உறவு 4, ஜிஓ எண் 5, ஆதாரக் கட்டுரை 6, சான்றுக் குறியீடு 7, 'எதோடு' என்பது 8, மூன்று கிளைகளில் எது என்பது 9, உயிரினத்தின் எண் 13, தேதி 14, எழுதிய தரவுத்தளம் 15.

கையில் ஒரு கட்டுரை இருக்கிறது என்று வையுங்கள். அதில் மூன்று சோதனைகள்.

முதலாவது, மனித க்ளூக்கோகைனேஸைத் தூய்மைப்படுத்தி வினைவேகம் அளந்தது. பி35557, 'இயலச்செய்கிறது' என்ற உறவு, ஜிஓ:0004340, ஐடிஏ, உயிரினம் 9606 (மனிதர்). சிக்கல் இல்லை.

இரண்டாவது, மனித செல் ஒன்றில் ஜிசிகே-வைப் பிரித்தெடுத்தபோது ஜிசிகேஆர்-உம் அதோடு ஒட்டியே வந்ததைக் காட்டியது. 'புரதத்தோடு பிணைதல்', ஜிஓ:0005515, ஐபிஐ. எட்டாவது பத்தியில் ஜிசிகேஆர்-இன் எண் க்யூ14397 கட்டாயம் வேண்டும். யாரோடு பிணைந்தது என்று சொல்லாவிட்டால் இந்த வரிக்கு மதிப்பே இல்லை.

மூன்றாவதில்தான் பலர் தடுமாறுவார்கள். எலியில் இந்த மரபணுவை நீக்கியபோது இரத்தச் சர்க்கரை ஏறியது. 'குளுக்கோஸ் சமநிலை', 'பங்கேற்கிறது' என்ற உறவு, ஐஎம்பி. ஆனால் எந்தப் புரதத்துக்கு? எலியின் புரதத்துக்கு. கட்டுரையின் தலைப்பு மனித நீரிழிவைப் பற்றியதாக இருந்தாலும் சரி, சோதனை எந்த உயிரியில் நடந்ததோ அந்த உயிரியின் மரபணுவுக்குத்தான் ஐஎம்பி. மனித மரபணுவுக்கும் அதே சொல்லை எழுத விரும்பினால் ஐஎஸ்எஸ் அல்லது ஐஎஸ்ஓ போட்டு, எட்டாவது பத்தியில் எலிப் புரதத்தின் எண்ணைக் கொடுங்கள். பின்னால் வருபவர் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு சோதனை வரை போய்ச்சேர முடியும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை: கட்டுரையின் முன்னுரையில் பிறர் சொன்னதாக எழுதியதை எடுத்து ஐடிஏ போடாதீர்கள். முடிவுகள் பகுதியில், படத்தில், அந்தச் சோதனை இருக்கிறதா என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

படி 6: பட்டியலை அலசும்போது

பெரும்பாலானோர் ஜிஓ பக்கம் வருவதே இதற்குத்தான். கையில் 100 மரபணுக்கள். அவற்றில் ஏதாவது ஒரு செயல் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாக இருக்கிறதா? ஜி:ப்ரொஃபைலர், பேந்தர், டேவிட், ஆர் என்ற நிரல்மொழியில் க்ளஸ்டர்ப்ரொஃபைலர் என்று கருவிகள் பல. உள்ளே நடக்கும் கணக்கு எளிது.

மொத்தம் 20,000 மரபணுக்கள், அவற்றில் 400-க்கு ஒரு குறிப்பிட்ட சொல் இருக்கிறது என்று வையுங்கள். அது 2 சதவீதம். தற்செயலாக 100 எடுத்தால் 2 வரும். உங்கள் பட்டியலில் 10 இருக்கிறது. ஐந்து மடங்கு! தற்செயலாக இப்படி அமையும் வாய்ப்பு 0.0001-க்கும் குறைவு.

கொஞ்சம் பொறுங்கள். உங்கள் மாதிரி கணையத் திசு. அங்கே இயங்குவதாக நீங்கள் அளந்தவையே 8,000 மரபணுக்கள்தான், அந்த 400-உம் அதற்குள்ளேயே இருக்கின்றன. இப்போது விகிதம் 5 சதவீதம், எதிர்பார்ப்பு 5. பத்து என்பது இரண்டே மடங்கு, வாய்ப்பு 0.03 பக்கம் வந்துவிடுகிறது. பட்டியல் மாறவில்லை, பின்புலம் மட்டும்தான் மாறியது. உங்கள் சோதனையில் பட்டியலுக்குள் வர வாய்ப்பிருந்த மரபணுக்கள் மட்டுமே பின்புலம். கருவி தானாக முழு மரபணுத்தொகையை எடுத்துக்கொள்ளும், அப்படி எடுக்க விடாதீர்கள்.

அதோடு நீங்கள் சோதிப்பது ஒரு சொல்லை அல்ல. 5,000 சொற்களைச் சோதித்து 0.05-ஐ எல்லையாக வைத்தால் எதுவுமே இல்லாத பட்டியலிலும் 250 சொற்கள் தேறிவிடலாம். 1995-ல் வெளிவந்த பெஞ்சமினி–ஹாக்பெர்க் திருத்தம் இதற்காகத்தான், எல்லாக் கருவிகளிலும் உண்டு. திருத்தாத எண்ணை ஆய்வேட்டில் போடவே கூடாது.

எந்த மரபணு எவ்வளவு இயங்கியது என்று அளந்த வெளிப்பாட்டுத் தரவிலிருந்து வந்த பட்டியல் என்றால் ஐஈபி குறிப்புகளை நீக்கிவிட்டு ஓட்டுங்கள். வெளிப்பாட்டை வைத்து எழுதிய குறிப்பை வெளிப்பாட்டுக்கே சான்றாகக் காட்டுவது சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவது. அதேபோல் 'புரதத்தோடு பிணைதல்' முதலிடத்தில் வந்தால் மகிழ வேண்டாம். அது எதையும் சொல்வதில்லை.

முடிவில் அம்மா, அத்தை, பாட்டி என்று ஒரே குடும்பத்துச் சொற்கள் வரிசையாக நிற்கும். ரெவிகோ போன்ற கருவியால் ஒத்தவற்றைச் சேர்க்கலாம். பரந்த படம் போதும் என்றால் தாவரங்களுக்கென்றே உள்ள சுருக்கத் தொகுதி, அதாவது ஜிஓ ஸ்லிம், வசதியானது.

படி 7: எழுதி வையுங்கள்

ஜிஓ தொடர்ந்து திருத்தப்படுகிறது. ஆகவே ஆய்வேட்டின் வழிமுறைப் பகுதியில் ஜிஓ வெளியீட்டுத் தேதி, அனோட்டேஷன் கோப்பின் தேதி, கருவியின் பதிப்பு, பின்புலம், எந்தச் சான்றுக் குறியீடுகளை நீக்கினீர்கள், எந்தத் திருத்தம் போட்டீர்கள் ஆகியவற்றை எழுதுங்கள். எக்செல்லில் மரபணுப் பட்டியலைத் திறப்பதாக இருந்தால் அந்தப் பத்தியை முதலில் உரை வடிவத்துக்கு மாற்றுங்கள். செப்ட்1, மார்ச்1 என்ற மரபணுக் குறியீடுகளை அது தேதியாக மாற்றிவிடும் தொல்லை தாங்காமல், 2020-ல் எச்ஜிஎன்சி அவற்றின் குறியீட்டையே செப்டின்1, மார்ச்எஃப்1 என்று மாற்றியது.

தவறான அனோட்டேஷன் கண்ணில் பட்டால் ஜிஓ கூட்டமைப்புக்கு எழுதுங்கள். கிட்ஹப்பில் அதற்கான பக்கங்கள் திறந்தே இருக்கின்றன, கட்டுரையைச் சுட்டிக்காட்டி யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

அந்த மாணவியும் நானும் மறுபடி உட்கார்ந்தோம். விலங்குகளுக்கு மட்டுமே உரிய சொற்களை நீக்கினோம், நாற்றில் உண்மையில் இயங்கிய மரபணுக்களைப் பின்புலமாக வைத்தோம், மீண்டும் ஓட்டினோம். நரம்பு மண்டலம் போய்விட்டது. நீர்ப்பற்றாக்குறைக்கான எதிர்வினை, ஜிஓ:0009414, முதலிடத்திலேயே நின்றது. அதற்கு அடுத்த வரியில், முன்பு இரண்டாம் பக்கத்தில் எங்கோ கிடந்த 'அப்சிசிக் அமிலத்துக்கான எதிர்வினை', ஜிஓ:0009737, வந்து நின்றது. வறட்சியில் இலைத்துளைகளை மூடச்சொல்லும் ஹார்மோன் அது. அவர் அந்த வரியின் மரபணுக்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ஏழாவது பத்தியைப் பார்க்கத் தொடங்கினார்.